லயத்துக்கு ஏறும் மின்சார பைக்

ஊவாவில் பசறைப் பக்கமோ மடுல்சீமைப் பக்கமோ தேயிலைத் தோட்டத்து ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்குக் கிளட்ச் கருகும் வாசனை நன்றாகத் தெரியும். பின்னால் ஒருவர், நடுவில் ஒரு மூட்டை அரிசி, முதலாம் கியர். கொண்டை ஊசி வளைவில் சக்கரம் ஒரு கல்லில் முட்டுகிறது, எஞ்சின் நின்றுபோகிறது. ஒரு கால் தரையில், கை பிரேக்கில் இருக்க, வண்டி மெல்லப் பின்னுக்கு வழுக்கத் தொடங்குகிறது. கீழே கான், அதற்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே இப்போதுதான் ஏறிவந்த வளைவு.

இந்த எஞ்சின் ஏன் நின்றது? பெற்றோல் எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுழன்றால்தான் அதற்குப் பலம் வரும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கும் கீழே போனால் அடுத்த வெடிப்புக்கு வேண்டிய உந்தலே அதனிடம் மிஞ்சாது. மேட்டிலோ சக்கரம் மெதுவாகத்தான் உருள வேண்டும். வேகமாகச் சுற்ற வேண்டிய எஞ்சினுக்கும் மெதுவாக உருள வேண்டிய சக்கரத்துக்கும் நடுவில் கிளட்ச் தட்டுகள் உரசி உரசிச் சமாளிக்கின்றன. நமக்கு வரும் வாசனை அந்த உரசலின் வாசனைதான்.

மின்மோட்டாரில் இந்தத் தொல்லை கிடையாது. செப்புச் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் இழுக்கிறது. மோட்டார் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தாலும் அசையாமல் நின்றாலும் இழுவை ஒன்றுதான். நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையும் கிடைத்துவிடும். ஆகவே கிளட்சும் இல்லை, பெரும்பாலான வண்டிகளில் கியரும் இல்லை. கல்லில் முட்டி நின்றால் எஞ்சின் அணைவது என்ற பேச்சே இல்லை. கைப்பிடியைக் கொஞ்சம் திருகினால் கல்லின் மேல் ஏறி அப்பால் போய்விடும். உயரமும் இதை ஒன்றும் செய்வதில்லை. ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று அடர்த்தி குறைந்து பெற்றோல் எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் ஒரு பழைய கார்புரேட்டர் வண்டி மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்மோட்டாருக்குக் காற்றே வேண்டாம்.

மலை ரோட்டுக்கு இந்த மோட்டாரோடு அதற்கேற்ற உடலும் வேண்டும். கரடுமுரடான மண்ணில் ஓடுவதற்கென்று செய்த பைக்கைத்தான் டேர்ட் பைக் என்கிறார்கள். உயர்ந்த சட்டம், நீண்ட ஸ்பிரிங், முட்டு முட்டான டயர், குறைந்த எடை. ஊவாவுக்கு இது புதிது இல்லை. ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்த ஹொண்டா பாஜா, சுசூக்கி ஜெபல் போன்ற ட்ரெயில் பைக்குகள் இந்த மலைகளில் பல காலமாக ஓடுகின்றன. தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் என்ற பந்தயத் திடலும் இருக்கிறது. அந்தத் திடலில் 2024 ஏப்ரல் 21 அன்று பந்தயக் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். வாகனத்தின் வேகத்தைப் பற்றி ஊவாவில் எழுதுகிற யாரும் அந்த ஏழு பேரையும் தாண்டிப் போக முடியாது. நான் இங்கே எழுத வந்ததும் வேகத்தைப் பற்றி அல்ல, ஏற்றத்தைப் பற்றி.

உலகத்தில் மின்சார டேர்ட் பைக் வளர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலிபோர்னியாவின் ஆல்ட்டா நிறுவனம் பெற்றோல் பைக்குகளோடு சரிக்குச் சரி ஓடும் மின்சார மோட்டோகுரொஸ் வண்டியைச் செய்தது. பணம் தீர்ந்து 2018இல் மூடப்பட்டது. ஸ்பெயினின் ஸ்டார்க் நிறுவனம் 2021 டிசம்பரில் 80 குதிரைவலு கொண்ட வார்க் என்ற வண்டியைக் காட்டியது. ஹொண்டா தன் மின்சார மாதிரியை 2023இல் ஜப்பான் தேசியப் போட்டியில் இறக்கிப் பார்த்தது. சீனாவின் சர்ரொன் வேறு வழியில் போனது. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில், ஏறக்குறைய 55 கிலோ எடையில், இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடக்கூடிய வண்டியைச் செய்து உலகமெங்கும் விற்றது. நம் மலைக்குப் பொருந்துவது 80 குதிரைவலு அல்ல, இந்தச் சின்ன வண்டி.

இதன் வாக்குறுதியும் குறையும் ஒரே கணக்கில் அடங்கும். ஒரு லீற்றர் பெற்றோலில் ஒன்பது யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. எஞ்சின் அதில் ஏழைச் சூடாக வெளியேற்றிவிட்டு இரண்டைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. சின்ன மின்சார பைக்கின் பற்றரியில் ஏறக்குறைய இரண்டு யூனிட் இருக்கும். அதில் பெரும்பகுதி சக்கரத்துக்கே போகிறது. அதாவது பத்துக் கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒரு பற்றரி செய்யும் வேலை ஒரு லீற்றர் பெற்றோல் செய்யும் வேலைக்குச் சமம். பாஜாவின் தாங்கியிலோ பல லீற்றர் பிடிக்கும். பதுளையிலிருந்து மகியங்கனைக்கு ஒரே மூச்சில் போய்வர நினைப்பவருக்கு இந்த வண்டி சரிவராது.

தோட்டத்துக்குள் கணக்கு மாறுகிறது. வண்டி 60 கிலோ, ஓட்டுகிறவர் 60 கிலோ, கொழுந்து மூட்டை 30 கிலோ என்று வைப்போம். பணிய லயத்திலிருந்து மேட்டு மலைக்கு 400 மீற்றர் ஏற வேண்டும். புவியீர்ப்பை வெல்ல வேண்டிய சக்தி ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்குதான். சக்கரத்தின் உராய்வு, மோட்டாரின் இழப்பு, குழிமேடு எல்லாவற்றுக்கும் சேர்த்து அதை இரட்டிப்பாக்கினாலும் மூன்றில் ஒரு பங்கு. ஒரு சார்ஜில் ஐந்து தடவையாவது ஏறலாம். தோட்டத்து வேலைக்கு நூறு கிலோமீற்றர் ஓடும் வண்டி தேவையில்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செங்குத்தாக ஏறி இறங்கும் வண்டி போதும்.

2022இல் பெற்றோல் வரிசைகளில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரியும் புரியும். கியூஆர் அட்டை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் கொடுத்தார்கள். இந்த பைக்கை நான்கு தடவை சார்ஜ் செய்தால் அந்த வாரத்துப் பங்கு கிடைத்துவிடும். ஆனால் அதே ஆண்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததையும் மறக்கக்கூடாது. பெற்றோலை வரவிடாமல் தடுத்த அதே டொலர் தட்டுப்பாடு மின்நிலையங்களுக்கு வேண்டிய எண்ணெயையும் தடுத்தது. மின்சார வண்டி வாங்கியவர் வரிசையிலிருந்து தப்பியிருப்பார், இருட்டிலிருந்து தப்பியிருக்க மாட்டார்.

ஏற்றத்தில் ஒரு பலவீனமும் இருக்கிறது. மோட்டார் மெதுவாகச் சுழன்றுகொண்டு முழுப் பலத்தோடு இழுக்கும்போது சுருளில் மிக அதிகமான மின்னோட்டம் பாய்கிறது. அது சூடாக மாறுகிறது. நீண்ட மேட்டில் பத்து நிமிடம் இப்படி இழுத்தால் கன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பலத்தைக் குறைத்துவிடும். மேட்டில் நிற்க நேர்ந்தால் கைப்பிடியைத் திருகிப் பிடித்து வண்டியை நிறுத்தி வைக்காமல் பிரேக்கைப் பிடிக்க வேண்டும்.

இறக்கத்தில் நடப்பது இதைவிடச் சுவையானது. மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, இறங்கும் வேகத்திலிருந்து ஒரு பகுதியைப் பற்றரிக்குத் திருப்பலாம். எஞ்சின் பிரேக் பிடிப்பது போல வண்டியும் நிதானமாக இறங்கும். இந்த வசதி வேண்டுமென்றால் பற்றரியில் இடம் இருக்க வேண்டும். மலை உச்சியில் முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால் திரும்பி வரும் மின்சாரத்துக்குப் போக இடமில்லை. மோட்டார் பிடிக்காது, முழுப் பாரமும் கை பிரேக்கில் விழும். ஆகவே சார்ஜ் செய்யும் இடம் கீழே இருப்பது நல்லது. மேட்டு லயத்தில் குடியிருப்பவர் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

சார்ஜ் செய்யும் இடம் என்றதும்தான் என் கவலை தொடங்குகிறது. லயத்து அறைகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டியவை. ஓர் அறையில் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டுபோனதை மலையகம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. பழைய வயரிங், ஒரே பிளக்கில் மூன்று இணைப்பு, பக்கத்தில் விறகடுப்பு. அடிபட்ட அல்லது மலிவாகச் செய்த லிதியம் பற்றரி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி எளிதில் அணைக்க முடியாது. உள்ளே இருக்கும் ஒரு செல் அடுத்த செல்லைச் சூடாக்கிக்கொண்டே போகும். கல்லிலும் கானிலும் விழுந்து எழும் வண்டியின் பற்றரி அடிபடாமல் இருக்கவும் முடியாது. அதை இரவில் பிள்ளைகள் தூங்கும் அறையில் சார்ஜுக்குப் போடக்கூடாது என்று இதைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது விலை. இப்படியொரு சின்ன வண்டிக்கு வெளிநாட்டில் 4,000 டொலர் என்று வைத்தால், 300 ரூபாய் வீதம் பன்னிரண்டு இலட்சம், தீர்வை வேறு. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய 890 நாள் பேர் விழ வேண்டும், ஒரு ரூபாயும் சாப்பாட்டுக்கு எடுக்காமல். கொழுந்து பறிக்கும் பெண் இதை வாங்குவாள் என்று யாராவது சொன்னால் அது பொய். பழுதானாலும் இதே நிலைதான். கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கராஜ் பாஸ் ஊருக்கு ஊர் இருக்கிறார். கன்ட்ரோலர் எரிந்தால் அதைத் திறந்து பார்க்கக்கூடியவரைத் தேடிக் கொழும்புவரை போக நேரலாம்.

மழையைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். நன்றாக மூடிச் செய்த வண்டிக்கு மழை பெரிய எதிரி இல்லை. காற்றை உறிஞ்சும் குழாயே இல்லாததால் ஓடையைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போகும் என்ற பயமும் இல்லை. எனக்குப் பயம் மண்ணைப் பற்றித்தான். ஐப்பசியிலிருந்து பெய்யும் மழையில் ஊறிய சரிவில் முட்டு டயர் சுழன்றால் மண்ணைக் கிழித்துக் கானுக்குள் தள்ளும். புகை இல்லை என்பதால் இந்த வண்டி மலைக்குக் கெடுதல் செய்யாது என்று எண்ணக்கூடாது. ஒரு பைக்கால் மலை சரியாது. ஆனால் கான் அடைபட்டால் தண்ணீர் தன்பாட்டில் புது வழி பிடிக்கும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைப் பார்த்தது பதுளை மாவட்டம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மறுபடியும் மண்சரிவுகளைப் பார்த்தது. தேயிலைக்குள் குறுக்கு வழி பிடிக்காமல், போட்ட ரோட்டில் மட்டும் ஓட வேண்டும்.

சத்தமின்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலையில் பாரத்தோடு குனிந்து இறங்கும் பெண்ணுக்குப் பின்னால் சத்தமில்லாத வண்டி வந்தால் அவள் விலக மாட்டாள். தோட்டத்து வளைவுகளில் ஹோர்ன் அடிக்கும் பழக்கம் இதை ஓட்டுகிறவருக்கு இரட்டிப்பாக வேண்டும்.

இவ்வளவு குறைகளையும் எண்ணிப் பார்த்த பிறகும் இந்த வண்டி மலையகத்துக்கு வர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், தனி ஒருவரின் சொத்தாக இல்லாமல் டிவிசனின் பொதுப் பொருளாக. கொழுந்து நிறுக்கும் மடுவம் அதற்குப் பொருத்தமான இடம். லயத்திலிருந்து தள்ளி, சிமெந்துத் தரையோடு, பெரும்பாலும் ரோட்டோரத்தில் நிற்கிறது. அங்கே தனி வயரும் பிரேக்கரும் போட்டு, கூரையில் சூரியத் தகடு வைத்து, கழற்றி மாட்டக்கூடிய இரண்டு பற்றரிகளை மாற்றி மாற்றிச் சார்ஜ் செய்யலாம். மின்சாரம் ஊவாவுக்கு அந்நியமும் இல்லை. ஒரு காலத்தில் பல தேயிலை ஸ்டோர்கள் தோட்டத்து ஓடைத் தண்ணீரில்தான் இயந்திரம் ஓட்டின. 2024 ஏப்ரலில் திறந்த உமா ஓயா மின்நிலையத்தின் 120 மெகாவாற்றும் இந்த மாகாணத்துத் தண்ணீரிலிருந்து வருவதுதான். அதற்கான சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கத்தில் வற்றிய கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு கேட்க உரிமை உண்டு.

காலையில் கொழுந்து மூட்டை, மத்தியானம் டிஸ்பென்சரிக்கு மருந்து, மழை நாளில் மேட்டு லயத்துக்கு மருத்துவமாது. பிரசவ வலி வந்த பெண்ணை இந்த பைக்கில் இறக்க முடியாது; அவளுக்கு அம்புலன்ஸ் வரக்கூடிய ரோட்டுத்தான் வேண்டும். கம்பளியில் கட்டித் தூக்கி வரும் வேலை அந்த ரோட்டு வந்தால்தான் தீரும். அதுவரைக்கும் நடந்தால் ஒரு மணித்தியாலம் பிடிக்கும் மேட்டில் மருத்துவமாது பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறிவிடுவார்.