ஒரகடத்துக்குள்ளே ஒளிந்திருக்கும் எழுத்துகள்!

'பேர், ஊர், விலங்கு, பொருள்' விளையாட்டு விளையாடியிருப்பீர்கள்தானே? 'க' வந்தால் கடகடவென்று எழுதுவீர்கள். 'ட' வந்துவிட்டால்? டப்பா, டீ, டயர்... அப்புறம் பேனாவைக் கடிக்க வேண்டியதுதான். நண்பன் பத்து எண்ணி முடிப்பதற்குள் மார்க் போய்விடும்.

கவலைப்படாதீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை!

முதலில் வராத எட்டு பேர்

தமிழின் 18 மெய் எழுத்துகளில், ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு வரிசைகளும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. இது இலக்கண விதி. அப்படி வந்தால், அது பெரும்பாலும் வேறு மொழியிலிருந்து வந்த சொல்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பக்கம் போனால் பலகைகளைப் பாருங்கள். 2010-ல் அங்கே திறக்கப்பட்டது ரெனோ - நிசான் கார் ஆலை. 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை. 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை. ரெனோ, டெய்ம்லர், லாரி, ராயல் எல்லாமே விருந்தாளிகள்!

அந்தக் காலத்தில் இப்படி விருந்தாளி வந்தால், முன்னால் ஓர் உயிரெழுத்தைத் துணைக்கு நிறுத்தி வரவேற்றார்கள். ரத்தம் இரத்தம் ஆனது. லட்சம் இலட்சம் ஆனது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த மகான் ராமானுஜரைப் பழைய புத்தகங்களில் தேடினால், இராமானுசர் என்று இருப்பார்.

போல்ட்டு சரியா, தப்பா?

கடைசி எழுத்துக்கும் விதி உண்டு. க், ச், ட், த், ப், ற் ஆகிய ஆறு வல்லின மெய்களில் தமிழ்ச் சொல் முடியாது. 1971-ல் தொடங்கப்பட்டு, இந்தப் பகுதியில் தொழிற்பேட்டைகளை அமைத்த 'சிப்காட்' நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 'ட்'டில் முடிகிறதா? அதுவும் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து உண்டான பெயர்தான்.

மெக்கானிக் மாமா 'நட்டு', 'போல்ட்டு', 'பிளேட்டு' என்று சொல்லும்போது, சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைப்பு! உண்மையில் நடப்பது என்ன? 'ட்'டில் முடிந்தால் தமிழ் நாக்குக்குப் பிடிக்காது. அதனால் கடைசியில் ஓர் 'உ'வைச் சேர்த்துக்கொள்கிறது. தொல்காப்பியம் சொன்ன விதியை, அதைப் படிக்காமலேயே அவர் காப்பாற்றுகிறார். இனி சிரிப்பீர்களா?

இணைபிரியாத ஜோடிகள்

குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டத்தில் 'ங்' இருக்கிறது. அடுத்த கட்டம் காலி. யோசிக்கவே வேண்டாம், 'க' வரிசையில் ஒன்றைப் போடுங்கள்! 'ங்' பின்னால் 'க'வும், 'ஞ்' பின்னால் 'ச'வும்தான் பெரும்பாலும் வரும். ண் - ட, ந் - த, ம் - ப, ன் - ற ஆகியவையும் இதுபோன்ற ஜோடிகளே. ஆனால் இவை சில சமயம் வேறு எழுத்தோடும் சேரும். 'நண்பன்', 'அன்பு' போல.

பஸ்ஸில் போகும்போதே இதைச் சோதிக்கலாம். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் (ங் - க), செரப்பணஞ்சேரி (ஞ் - ச), தண்டலம் (ண் - ட), செம்பரம்பாக்கம் (ம் - ப), குன்றத்தூர் (ன் - ற). 'ந் - த' மட்டும் பாக்கி. பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றில் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்!

ஜெயிக்க ஒரு தந்திரம்

கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டா? 'வீடு', 'மழை', 'கிளி', 'ஆறு' என்று போடுங்கள். டு, ழை, ளி, று... எதிராளி திணறிப் போவார்!

ஊருக்குள் ஊர்ந்து பாருங்கள்

ஒரு பெயரில் உள்ள எழுத்துகளைக் கலைத்துப் புதுச் சொல் செய்வது இன்னும் ஜாலி. ஒரகடத்தில் ஐந்தே எழுத்துகள். அதற்குள் கடம், கரம், ரகம் இருக்கின்றன. இன்னும் ஆச்சரியம், 'ஒகரம்', 'டகரம்' என்று இரண்டு எழுத்துகளின் பெயர்களும் இருக்கின்றன! (தன் பெயரைச் சொல்லும்போது மட்டும் எந்த எழுத்தும் முதலில் வரலாம். அதனால் 'டகரம்' செல்லும்!)

ஸ்ரீபெரும்புதூரில் 'தூம்பு' கிடைக்கும். ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் மதகின் பழைய பெயர் அது. 'ஸ்ரீ'யை எடுத்துவிட்டுத் 'திருப்பெரும்புதூர்' என்று எழுதிப் பாருங்கள். உடனே திருப்பு, திரும்பு என்று புதுச் சொற்கள் குதித்து வரும்.

இப்போது உங்கள் முறை. இருங்காட்டுக்கோட்டையில் பத்து எழுத்துகள். குறில், நெடிலை மாற்றக் கூடாது. ஒரு பறவை, ஒரு பருவம், விளக்கு அணைந்தால் வருவது... மூன்றையும் பிடியுங்கள், பார்க்கலாம்!

விடைகள்: 'ந் - த' ஊர்: பூந்தமல்லி. இருங்காட்டுக்கோட்டையில்: காடை, கோடை, இருட்டு. (காடு, கோடு, இடை, கோட்டை என்றும் எழுதியிருந்தால், சபாஷ்!)