கூச்சப்படாமல் தேதியைப் பாருங்கள்

சென்ற மே மாதம் சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு மருந்துக் கடை. நம் தமிழ்ப் பையன் ஒருவன் ஆணுறைப் பெட்டியை வாங்கி, பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டான். வெயிலில் காய்ந்த கண்ணாடி அலமாரிச் சரக்கு.

"தம்பி, தேதி பார்த்தாயா?"

"இல்லை மாமா" என்று தலைகுனிந்தான். பார்த்தால், காலாவதியாகி நான்கு மாதம்!

ரயில்வேயில் தண்டவாளம் சோதித்தவன் நான். இதுவும் சோதனைச் சரக்குதான். 'நிரோத்' திட்டம் 1968-ல் வந்தது; 1969-ல் திருவனந்தபுரம் ஹிந்துஸ்தான் லேடக்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலையில் ஒவ்வோர் உறைக்கும் மின்சாரச் சோதனை உண்டு. பிறகு தொகுதிதோறும் மாதிரி எடுத்து, 300 மில்லி தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். காற்றடைத்து வெடிக்கவும் வைப்பார்கள். மாதிரி தேறாவிட்டால் தொகுதியே தள்ளுபடி.

ஆலையில் தேறியதும் வெயிலில் கெடும். தேங்காய் எண்ணெய் பட்டாலும் ரப்பர் நைந்துபோகும். வீட்டில் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டாம். சோதித்ததைப் பயன்படுத்தக் கூடாது. தேதியைப் பாருங்கள். உறையை அமுக்கினால் உள்ளே காற்று தட்டுப்பட வேண்டும். பிசுபிசுப்பு, விறைப்பு இருந்தால் ஒதுக்குங்கள். மீதியைப் பிரிக்காமல், தொகுதி எண்ணுடனும் ரசீதுடனும் கடையில் கொடுங்கள். மறுத்தால் மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள். கிழிந்துவிட்டால் தாமதிக்காமல், 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள்.

அன்று கடைக்காரர் வேறு பெட்டி தந்தார்; அலமாரியையும் காலி செய்தார். வெட்கப்பட வேண்டியவர் வாங்குபவர் அல்லவே!