சதுர அடிக்கு 52 ரூபாய்

கொல்கத்தா பவானிபூரில் நாங்கள் வாங்கிய வீட்டை அலங்கரித்துத் தர ஒரு நிறுவனம் சதுர அடிக்கு 1,200 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்தது. வீடு 585 சதுர அடி. பெருக்கினால் 7,02,000. அந்தத் தாளை மடித்து நோட்டுக்குள் செருகிவிட்டு, அடுத்த பக்கத்தில் என் கணக்கை ஆரம்பித்தேன். வரம்பு 40,000 ரூபாய். வேலை தை பிறந்ததும் தொடங்கி மாசியில் முடிந்தது.

முதலில் அந்த 585. பத்திரத்தில் இருப்பது 780. அது சூப்பர் பில்ட்-அப். படிக்கட்டு, நடை, சுவர்க் கனம் என்று நாலில் ஒரு பங்கு போய்விட, விளக்குமாறு படும் இடம் 585. இங்கே நிலத்தைக் காட்டாவில் அளப்பார்கள். ஒரு காட்டா 720 சதுர அடி, அதில் பதினாறில் ஒரு பங்கு சட்டாக், அதாவது 45 சதுர அடி. சென்னைக் கிரவுண்டு ஒன்று 2,400 சதுர அடி, அதாவது மூன்றேகால் காட்டாவுக்குச் சற்று மேல். என் வீடு சரியாக 13 சட்டாக். இதைச் சொன்னதும் கீழ்வீட்டு வங்காளி அம்மா, எங்கள் மாஷிமா, விழுந்து விழுந்து சிரித்தார். சேர் கணக்கில் எண்ணெய் வாங்கிய காலத்தில் சட்டாக் என்பது எடையும்தான், சேரில் பதினாறில் ஒரு பங்கு. "பதின்மூன்று சட்டாக் எண்ணெயில் குடித்தனமா மா?" என்றார்.

வாங்க வேண்டியவற்றின் பட்டியல் போடுமுன் ஒரு வாரம் வெறும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கூடம் 12-க்கு 12, படுக்கையறை 12-க்கு 8, இரண்டும் சேர்ந்து 240 சதுர அடி. அத்தனையிலும் மரக்கட்டை மாதிரி அச்சடித்த வினைல் விரிப்பு. மூலையில் கொஞ்சம் கிழித்துப் பார்த்தால் கீழே சிவப்பு! ஓரத்தில் கறுப்புக் கரை கட்டிய ரெட் ஆக்சைடு தரை. காரைக்குடிப் பக்கம் பிறந்த எனக்கு அது யாரும் அறிமுகப்படுத்த வேண்டிய பொருளா? பவானிபூரின் பழைய வீடுகளில் இந்தச் சிவப்புத் தரையும், பச்சை வண்ணம் பூசிய கொட்கொடி என்ற பலகைச் சட்டச் சன்னல்களும் கூடவே வரும். சிமென்டோடு இரும்பு ஆக்சைடுப் பொடி கலந்து, ஒரே மூச்சில் ஊற்றி, கரண்டியால் மணிக்கணக்கில் தேய்த்து, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைத்துச் செய்த தரை. இன்று அப்படிப் போட ஆள் தேட வேண்டும். இருப்பதைத் திறப்பதற்குக் கூலியாள் போதும். இரண்டு பேர், மூன்று நாள், ஆளுக்கு நாள் கூலி 800: ஆக 4,800. சோப்பு, நார், தேங்காய் எண்ணெய் 600. பசையைச் சுரண்டவே இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் துடைத்து எண்ணெய்த் துணியால் ஒற்றியதும் சன்னல் நிழல் தரையில் தெரிந்தது. கீறல்களும் தெரிந்தன. அவற்றை நான் எண்ணவில்லை.

சன்னல் மூன்று. கொட்கொடிப் பலகைகள் அடுக்கடுக்கான பெயின்டில் ஒட்டிப்போய் அசையவே இல்லை. தச்சர் சன்னலுக்கு 1,500 வாங்கினார், 4,500. பலகையைச் சாய்த்தால் வெயில் நின்றுவிடும், காற்று மட்டும் வரும். மழையிலும் திறந்து வைக்கலாம்.

பிறகு தெருப் பக்கத்துச் சுவர். இந்த ஊரில் ஆண்டு மழை 1,700 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையில் சுமார் 1,400. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் வைத்துக் கட்டிய செங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சும், பிறகு மூச்சு விட்டு உலர்த்தும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷனைப் பூசினால் மூச்சு அடைபடும்; உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். இதற்கு ஊரெங்கும் ஒரே பெயர்: டேம்ப். பொரிந்த பூச்சைச் சுரண்டி, சுண்ணாம்பில் பூசி, வெள்ளையடிக்க 7,200. நோட்டில் மிகப் பெரிய தொகை இதுதான். வந்த விருந்தாளிகளில் ஒருவர்கூட அந்தச் சுவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இதுவரை 17,100. ஒரு பொருளும் வீட்டுக்குள் வரவில்லை, எல்லாம் வெளியே போனதுதான்.

திரைச்சீலைக்குக் கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். பெட்டியில் மாமியாரின் கண்டாங்கிச் சேலைகள் இரண்டு கிடந்தன, பருத்தி, ஆறு கஜம். ஆறு கஜம் என்றால் 18 அடி. சன்னல் உயரம் 5 அடி, மடிப்புக்கும் தையலுக்கும் ஓர் அடி சேர்த்து ஒரு துண்டு 6 அடி. ஒரு சேலையில் மூன்று துண்டு, இரண்டு சேலையில் ஆறு. மூன்று சன்னலுக்கும் இரண்டிரண்டு. சேலை அகலம் 46 அங்குலம், இரண்டு துண்டுக்கு 92. சன்னல் அகலம் 48. திரை மடிந்து விழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி வேண்டும் என்பார் தையற்காரர். இங்கே ஏறத்தாழ 1.9 மடங்கு. ஓர் அங்குலம்கூட வீணாகவில்லை. கரை இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாக இறங்குகிறது. தையல் கூலி துண்டுக்கு 120, மொத்தம் 720, கம்பிகள் 1,050.

வண்ணம் ஒரே ஒரு சுவருக்குத்தான், அதுவும் காய்ந்த உள்சுவர். 12-க்கு 10, 120 சதுர அடி. ஒரு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 120 சதுர அடி என்று கொண்டால் இரண்டு கோட்டுக்கு 2 லிட்டர். பெயின்ட் 900, கூலி 1,000. மஞ்சள் நிறம், சிவப்புத் தரைக்கு வேறு எதுவும் ஒட்டவில்லை.

விளக்கில் ஒரு பாடம். முன்பிருந்தவர்கள் போட்டிருந்தது 6,500 கெல்வின் வெள்ளை. அதன்கீழ் சிவப்புத் தரை ஈரல் நிறத்தில் கிடந்தது. 2,700 கெல்வின் பல்புக்கு மாற்றியதும் செம்பருத்தி. எட்டு பல்பு, தலா 9 வாட். எல்லாம் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதம் 10.8 யூனிட், பழைய 60 வாட் குண்டு பல்பாக இருந்தால் 72. பல்பும் எலக்ட்ரீஷியனும் 1,480.

சுவரில் மாட்ட ஒரு பட்டச்சித்திரம். இங்கிருந்து காளிகாட் கூப்பிடு தூரம். இப்போதுள்ள கோயில் 1809-இல் கட்டியது. 19-ஆம் நூற்றாண்டில் அதைச் சுற்றியிருந்த பட்டுவா ஓவியர்கள் யாத்திரிகர்களுக்காக ஆலைக் காகிதத்தில் மளமளவென்று வரைந்து சில்லறைக் காசுக்கு விற்றார்கள். அவற்றின் மிகப் பெரிய தொகுப்பு இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். நான் வாங்கியது மேற்கு மெதினிப்பூரின் பிங்களாப் பக்கத்து நயா கிராமத்துப் பட்டச்சித்திரம், மீன் பிடித்த பூனை. படம் 1,500, சட்டம் 700. சபாங் பக்கத்துக் கோரைப் பாய் இரண்டு, 900. பத்தமடையின் வழவழப்பு இல்லை, உட்கார உறுதி.

செடிக்கு அலிப்பூர். 1820-இல் வில்லியம் கேரி தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் அங்கே இருக்கிறது. போய்ப் பார்த்தேன், ஆசை வளர்ந்தது. வாங்கியது என்னவோ தெருவில் வண்டிக்காரரிடம். ஐந்து செடி, ஐந்து மண்தொட்டி, 1,000. ஏலக்கடையில் அகலக் கை வைத்த சாய்வு நாற்காலி 2,800. மூன்று மாடி ஏற்றிய கூலி 400.

மாவிலைக்கும் வாழையிலைக்கும் லேக் மார்க்கெட். நேதாஜி பவன் நிலையத்திலிருந்து காளிகாட் வரை இரண்டு நிறுத்தம், பிறகு நடை. 1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் மெட்ரோ எஸ்பிளனேடிலிருந்து 3.4 கிலோமீட்டர் ஓடி வந்து நின்ற நிலையம் நேதாஜி பவன்தான். அப்போது அதன் பெயரே பவானிபூர்.

பால் காய்ச்சிய அன்று எட்டு வீட்டுக்கு மும்மூன்றாக 24 நலேன் குட் சந்தேஷ், 720 ரூபாய். பனிக்காலத்துப் புது ஈச்ச வெல்லம் போட்டது. 1885 முதல் இந்த வட்டாரத்தில் பலராம் மல்லிக் கடை இருக்கும்போது லட்டுக்கு அலைவானேன்?

கடைசி வரவு: பச்சரிசி 200 கிராம், 12 ரூபாய். ஊறவைத்து அரைத்து, துணியை நனைத்து விரலிடுக்கில் பிடித்து வாசலில் மாக்கோலம் போட்டேன். மாஷிமா படியிலேயே நின்று பார்த்தார். "எங்கள் ஆல்பனாவை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். பதிலுக்குக் கிண்ணத்தை நீட்டினேன். நிலைப்படியருகே லட்சுமியின் பாதம் இரண்டை அவரே வைத்தார்.

கூட்டினால் வாங்கியவை 13,182. முன் சொன்ன 17,100-ஐச் சேர்த்தால் 30,282. சதுர அடிக்கு 52 ரூபாய்க்குச் சில பைசா குறைவு. நூற்றுக்கு 56 ரூபாய், இருந்ததைத் திறந்துவிடவே போயிருக்கிறது.

கையிருப்பு 9,718. ஆகஸ்ட் மழையில் தெருச் சுவரின் கீழ் மூலையில் ஒரு முழம் அகலத்துக்கு உப்பு மறுபடி பூத்திருக்கிறது. நோட்டில் அந்தக் கணக்குப் பக்கத்தை இன்னும் கோடு போட்டு மூடவில்லை.