மலை சைக்கிள்: எடையை எங்கே குறைப்பது?

கார்பன் ஃபிரேமுக்குச் செலவழிக்கும் முன் டயரைப் பாருங்கள். ஏன்? ஃபிரேம் முன்னோக்கி மட்டும் நகர்கிறது. டயர் நகர்ந்தபடியே சுழலவும் செய்கிறது. அதனால் சக்கர விளிம்பிலுள்ள 100 கிராமை வேகமெடுக்க வைக்க, ஃபிரேமிலுள்ள 100 கிராமைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் தேவை. வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து மீண்டும் மிதிக்கும் காட்டுப்பாதையில் இது காலில் தெரியும். சீரான ஏற்றத்தில் மட்டும் எல்லாக் கிராமும் ஒன்றுதான்.

எப்படி? மலிவான டயரின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். உள்ளே எஃகுக் கம்பி தட்டுப்படும். அதற்குப் பதில் அராமிட் இழை வைத்த, மடிக்கக்கூடிய டயர் வாங்கலாம். ரிம்மும் டயரும் டியூப்லெஸுக்கு ஏற்றவை என்றால், சுமார் 200 கிராம் டியூபைக் கழற்றிவிட்டு அதில் பாதி எடைக்குச் சீலன்ட் ஊற்றினால் போதும். முள் குத்தினாலும் பெரும்பாலும் அதுவே அடைத்துக்கொள்ளும். ஆனால் பக்கச்சுவர் மெலிந்த டயரைப் பாறைப்பாதைக்குப் போடாதீர்கள்; ஒரே கிழிசலில் மிச்சம் பிடித்த பணம் போய்விடும்.