மூலிகைதானே என்று விழுங்கலாமா?

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டு டப்பா செட்டி கடையின் லேகியங்களை அறியாதவர் அந்தப் பக்கம் குறைவு. அதுபோன்ற நாட்டு மருந்துக் கடைகளுக்குத் தூக்கம் வரவில்லை, மனசு படபடக்கிறது என்று அமுக்கராவும் வல்லாரைப் பொடியும் தேடி வருகிறவர்களும் உண்டு. தி.நகர் மெடிக்கல் ஷாப்பில் அதே அமுக்கரா 'அஸ்வகந்தா' கேப்சூலாக விற்கிறது. எங்கே வாங்கினாலும் வாங்குகிறவரின் தைரியம் ஒன்றுதான்: மூலிகைதானே, சைடு எஃபெக்ட் கிடையாது. இதைவிட மூலிகையைக் குறைத்துப் பேச முடியாது. உடம்பில் எதையுமே அசைக்காத பொருளுக்குத்தான் பக்கவிளைவு இராது; அதை மருந்தென்று ஏன் விழுங்க வேண்டும்?

சர்ப்பகந்தி வேரின் கதை இதற்குச் சான்று. 1931இல் கல்கத்தாவின் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் இந்த வேர் பயன்படுவதை எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டே வருடத்தில் அமெரிக்காவில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். நவீன மனநல மருந்துகளின் தொடக்க வரிசையில் நம் ஊர் வேர் ஒன்று இருக்கிறது என்பதில் பெருமைப்படலாம். ஆனால் ரத்த அழுத்தத்துக்காக ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் மனச்சோர்வில் விழுந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மூளையில் செரட்டோனின், டோபமைன் முதலிய ரசாயனங்களின் இருப்பை அது குறைத்துவிடுகிறது. வெறியைத் தணித்ததும் அதே வேலைதான்.

அமுக்கராவுக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. 2012இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 64 பேர் பங்கேற்றார்கள். வேரின் சாரத்தை 300 மில்லிகிராம் வீதம் இருவேளை 60 நாள் சாப்பிட்டவர்களுக்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மன அழுத்தம் நன்றாகக் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனாலும் 64 பேர், இரண்டு மாதம். 2020இல் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அஸ்வகந்தா சாப்பிட்ட ஐந்து பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது பதிவானது. இது அரிது. ஆனால் கர்ப்பிணிகளும் தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

"தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டது நேற்றா கெட்டுப்போயிற்று?" நியாயமான கேள்வி. ஆனால் தலைமுறைகள் சாப்பிட்டது வைத்தியர் நாடி பார்த்து, பத்தியம் சொல்லி, சுக்கு மிளகு திப்பிலியோடு சேர்த்துக் கொடுத்த அமுக்கராச் சூரணத்தை. சாரம் இறுக்கிய கேப்சூலை அல்ல. பாட்டி காலத்தில் எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரையும் கிடையாது. இரண்டும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பரம்பரை அனுபவம் பதில் சொல்லாது. ஐரோப்பாவின் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மிதமான மனச்சோர்வுக்கு மாத்திரைக்கு நிகராக வேலை செய்வதாகப் பல ஆய்வுகள் காட்டின. அதே மூலிகை கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கிறது. மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

ஆக, ஆபத்து மூலிகையில் இருப்பதைவிட மறைப்பதில்தான் அதிகம். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்பார்கள். சிலர் திட்டவும் செய்கிறார்கள். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் சிகிச்சையே பெறவில்லை. அப்படிப்பட்ட நாட்டில் சூரண டப்பாவோடு வருகிறவரை விரட்டுவது மருத்துவம் அல்ல. மேலை மருத்துவம் படித்த கேப்டன் ஜி.சீனிவாசமூர்த்தி, நம் வைத்தியத்தை ஆராய 1921இல் சென்னை மாகாண அரசு அமைத்த உஸ்மான் குழுவின் செயலாளராக இருந்தார். இரண்டு மருத்துவத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. டப்பாவையும் மாத்திரைச் சீட்டையும் சேர்த்தே எடுத்துப் போய்க் காட்டலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. தற்கொலை எண்ணமோ, நாட்கணக்கில் தூக்கமற்ற மிதமிஞ்சிய உற்சாகமோ இருப்பவருக்கு மட்டும் சேர்த்துச் சாப்பிடலாமா என்ற இந்த விவாதமே பொருந்தாது. அவரை அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.