காவலன் நீட்டும் கை

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ரயிலுக்குக் காத்து நின்றிருப்பீர்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்குச் செல்லும் வண்டிகள் நம்மைக் கடந்துதான் போகின்றன. 1986 பிப்ரவரியில் அப்படி ஒரு வண்டியில் டாக்டர் செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளுடன் பயணம் செய்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனிடம் பயின்ற மாணவி அவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, ஆறு மாதிரிகள் எச்.ஐ.வி. தொற்றைக் காட்டின. இந்தியாவில் எய்ட்ஸ் வைரஸ் இருப்பது அன்றுதான் முதன்முதலில் தெரிய வந்தது.

இந்த வைரஸ் ஏன் நம்மைக் காக்கும் வெள்ளணுக்களையே தேடிப் பிடிக்கிறது?

அவ்வெள்ளணுக்களுக்கு 'உதவி டி அணுக்கள்' என்று பெயர். இவை மற்றப் பாதுகாப்பு அணுக்களை ஏவிவிடும் தலைவர்கள். கிருமியை விழுங்கிய ஓர் அணு, அதன் துண்டு ஒன்றைத் தன் மேற்பரப்பில் ஒரு புரதத் தட்டில் ஏந்திக் காட்டுகிறது. டி அணுவின் ஓர் ஏற்பி அத்துண்டைச் சோதிக்கிறது. அருகிலுள்ள சிடி4 என்னும் மற்றோர் ஏற்பி தட்டையே பற்றிக்கொள்கிறது. தொழிற்சாலை வாயிலில் ஒரு காவலர் அடையாள அட்டையைப் படித்துக்கொண்டே, அதை நீட்டியவரின் கையையும் பிடித்துக்கொள்வதாகக் கற்பனை செய்யுங்கள். (எந்தக் காவலரும் அப்படிச் செய்வதில்லை!) சிடி4-இன் வால் அணுவுக்குள் நீண்டிருக்கிறது. அதில் ஒட்டியுள்ள நொதி, 'எதிரி வந்துவிட்டான்' என்ற செய்தியை உள்ளே கிளப்பிவிடுகிறது.

அந்தக் கையைத்தான் வைரஸும் பற்றுகிறது. அதன் மேலுறைப் புரதம் சிடி4-இல் கச்சிதமாகப் பொருந்துகிறது. வைரஸ் பற்றும் ஏற்பி சிடி4 என்பதை 1984-இல் பாரிஸிலும் லண்டனிலும் ஆய்வாளர்கள் கண்டனர். உள்ளே நுழைய இரண்டாவது பிடி ஒன்றும் வேண்டும் என்பது 1996-இல் தெளிவாயிற்று. சிசிஆர்5 என்ற ஏற்பியே பெரும்பாலும் அந்தப் பிடி. வட ஐரோப்பியரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இந்த ஏற்பி இல்லாமலே பிறக்கின்றனர், அவர்களை எச்.ஐ.வி. எளிதில் தொற்றுவதில்லை. நம் நாட்டில் அத்தகையோர் மிக அரிது.

நலமாக உள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சிடி4 அணுக்கள் சுமார் 500 முதல் 1500 வரை இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் சாதாரணக் கிருமியும் உயிருக்கு உலை வைக்கும்.

எப்படி எண்ணுகிறார்கள்? இங்கேதான் என் பாடமாகிய இயற்பியல் வருகிறது. சிடி4-ஐ மட்டுமே பற்றும் புரதத்தில் ஒளிரும் சாயம் ஏற்றி இரத்தத்தில் கலக்கிறார்கள். அணுக்கள் ஒற்றை வரிசையில் லேசர் கதிரைக் கடக்கின்றன. சாயம் ஏறிய அணு ஒவ்வொன்றும், வாங்கிய ஒளியைவிட நீண்ட அலைநீளத்தில் பளிச்சிடுகிறது. மின்னல்களை எண்ணினால் அணுக்களை எண்ணியதாயிற்று!

2004-இல் அரசு மருத்துவமனைகளில் இலவச எச்.ஐ.வி. மருந்துத் திட்டம் தொடங்கியபோது, இந்த எண்ணிக்கை குறைந்த பிறகே பலருக்கும் மருந்து கிடைத்தது. 2017 முதல் எண்ணிக்கை எதுவானாலும், தொற்று உறுதியானவுடனே மருந்து தொடங்குகிறார்கள்.