வீட்டில் இருந்தபடியே காசநோய் தீருமா?

சயம், எலும்புருக்கி, காசம் என ஒரே நோய்க்கு நம் மொழியில் பல பெயர்கள் உள. சயம் என்பது தேய்வு. காசம் என்பது இருமல். உடல் உருகக் கண்டவர் ஒரு பெயரும், இருமக் கேட்டவர் மற்றொரு பெயரும் இட்டனர் போலும்.

இந்நோயைத் தருவது ஒரு கிருமியே என்று 1882-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் காட்டினார். ஆயினும் அக்கிருமியைக் கொல்லும் மருந்து வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு என்பனவே மருத்துவம். அதற்கெனவே ஊர்ப்புறங்களில் சானடோரியங்கள் எழுந்தன. தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையம் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்னும் மருந்தும், 1952-இல் ஐசோனியாசிடும் வந்தன. உடனே ஒரு கேள்வி பிறந்தது: மருந்தே கிருமியைக் கொல்லுமாயின், சானடோரியப் படுக்கை எதற்கு? இந்தியாவில் படுக்கைகள் ஆயிரக்கணக்கில், நோயாளிகளோ இலட்சக்கணக்கில். ஆகவே இஃது ஏட்டளவில் எழுந்த ஐயமன்று.

விடை காண 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி நடத்தின. தலைமை ஏற்றவர் வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். ஏழைக் குடும்பத்து நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மறு பிரிவினர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே. இருவர்க்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து. யார் எங்கே என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் போன்ற முறை தீர்மானித்தது. மருத்துவரே தேர்ந்தால் மெலிந்தவரை இரக்கத்தால் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். பின் ஒப்பீடு ஏது?

1959-இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தார் நன்கு உண்டனர், ஓய்வெடுத்தனர், எடையும் கூடினர். வீட்டிலிருந்தோர்க்கு அவை இல்லை. எனினும் ஓராண்டு முடிவில் நோய் அடங்கியோர் அங்கே நூற்றுக்கு 92, இங்கே 86. ஐந்தாண்டு கழிந்தபின் இரு பிரிவிலும் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேர் நலமாயிருந்தனர். இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. நோயாளியை உடன் வைத்திருந்த வீட்டார்க்கு, அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. தொற்றுக்கு முதன்மையான காலம், நோய் இன்னதென்று அறியாமல், மருந்தின்றி இருமிக் கொண்டிருந்த நாட்களே.

ஒரு குறை மட்டும் தெரிந்தது. உடம்பு தேறியதும் பலர் மருந்தை நிறுத்தினர். பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து வேறு. சிறுநீரைச் சோதித்தும், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்றும் நிலையத்தார் இதனைக் கண்டுபிடித்தனர். அதன்பின், பணியாளர் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையை ஆய்ந்தனர். வாரம் இருமுறை அவ்வாறு கொடுத்தாலும் பலன் குறையவில்லை என 1964-இல் வெளியிட்டனர். இன்று உலகெங்கும், நம் நாட்டிலும், நோயாளி மருந்தை விழுங்குவதை ஒருவர் நேரில் பார்க்கும் வழக்கத்தின் வேர்களுள் இஃது ஒன்று. அந்நிலையம் பிற்காலத்தில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் பெற்றுச் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

மலேசியாவில் 1961 முதல் பிறந்த குழந்தைகட்கு பி.சி.ஜி. ஊசி போடப்படுகிறது. அது சிறுவரைக் கொடிய வகைக் காசநோயினின்று காக்கும். பெரியவர்க்கு முழுக் காப்பன்று. இன்றும் ஆண்டுதோறும் 20,000-க்கு மேற்பட்டோர் இங்கு இந்நோய்க்கு ஆளாகின்றனர். கிள்ளான் பக்கத்தில் தோட்ட லயங்களை விட்டு அடுக்கு மாடிக்குக் குடியேறிய பிள்ளைகளுக்கு நான் பாடஞ் சொல்கிறேன். ஒரு தகப்பனாருக்குக் காசம் என்று தெரிந்தவுடன், அவர் மகளுக்குப் பக்கத்தில் தம் பிள்ளை உட்காரக் கூடாதென்று சிலர் வந்து நின்றதுண்டு. அச்சம் இயல்பே. ஆனால் அவர் அப்போது மருந்துண்ணத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மகளையும் சோதித்து நோயில்லை என்று சொல்லியிருந்தார்கள். தகுந்த மருந்து உடலில் இறங்கிய சில வாரங்களிலேயே பரப்பும் ஆற்றல் பெரிதும் ஒடுங்கிவிடும். அஞ்ச வேண்டியது, இரண்டு வாரத்துக்கு மேலாகியும் சளியைச் சோதிக்காமல் மறைத்து வைக்கும் இருமலை. வழக்கமான காசத்துக்கு இப்போது ஆறு மாத மருந்து போதும். இடையில் விட்டவர்க்கோ மருந்துக்கு அடங்காத கிருமி வளரலாம், அதற்கு வேறு மருந்துகள் தேடவேண்டிவரும்.